ஏஜெண்டுக்கு விநெட் விவரம் எடுத்துக் கொடுக்கும் கருவி: உவர்மலையிலிருந்து ஒரு செய்முறைக் குறிப்பு

ஒரு விர்ச்சுவல் நெட்வொர்க்கில் (சுருக்கமாக விநெட், கிளவுட்டுக்குள் நாம் அமைக்கும் தனி வலையமைப்பு) எந்த முகவரித் தொடர் காலியாக இருக்கிறது என்று ஏஐ ஏஜெண்டிடம் கேட்டால், தெரியாவிட்டாலும் பதில் வந்துவிடும். பெரும்பாலும் 10.0.1.0/24 என்று வரும் (சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் தொடரின் அளவு, எண் கூடக் கூடத் தொடர் சிறிதாகும்). உலகத்தில் உள்ள பயிற்சிக் குறிப்புகள் பாதியிலும் அந்த எண்தான் உதாரணமாக இருக்கிறது, அது வேறு என்ன சொல்லும்? நாங்கள் பராமரிக்கும் வலையமைப்பில் 10.0 என்று தொடங்கும் முகவரியே கிடையாது.

திருகோணமலை உவர்மலையில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்து, சிறிய நிறுவனங்களின் கிளவுட் வேலைகளைப் பார்த்துக் கொடுக்கிறோம். அதில் ஒன்று, நகரிலும் அக்கம்பக்க ஊர்களிலும் கிளைகள் உள்ள ஒரு மொத்த விநியோக வியாபாரம். அவர்களுடைய சேவையகங்கள் மைக்ரோசாப்ட் அஷூரில், சென்னையில் உள்ள 'சவுத் இந்தியா' பகுதியிலும் சிங்கப்பூரில் உள்ள 'சவுத்ஈஸ்ட் ஏசியா' பகுதியிலும் ஓடுகின்றன. இரண்டு சப்ஸ்கிரிப்ஷன் (அஷூர் கணக்குப் பிரிவு), சில விநெட்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் சப்நெட்கள் எனும் சிறு பிரிவுகள், பாதுகாப்பு விதிகளின் தொகுப்பான என்எஸ்ஜி, தரவுப் பொட்டலம் எந்த வழியில் போக வேண்டும் என்று சொல்லும் ரூட் டேபிள், விநெட்களை ஒன்றோடொன்று நேரடியாக இணைக்கும் பியரிங். பெரிய வலையமைப்பு இல்லை. ஆனால் பல கை மாறி வந்தது. முழுப் படம் யாருடைய தலையிலும் இல்லை.

எங்களோடு வேலை செய்யும் தம்பி ஒருவர் புதிய சேவையகங்களுக்கான கட்டமைப்புக் கோப்புகளை ஏஜெண்டை வைத்துத்தான் எழுதுகிறார். வேகமாக எழுதுகிறார், நன்றாகவும் எழுதுகிறார். ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் ஒருமுறை, "அண்ணா, இது சொல்லுற சப்நெட் எங்கட வலையில இருக்கா?" என்று கேட்பார். நான் அஷூரின் இணையப் பக்கமான போர்ட்டலைத் திறந்து, நாலு பக்கம் தாண்டிப் போய்ப் பார்த்துச் சொல்வேன். இந்தப் பார்த்துச் சொல்லும் வேலையை ஒரு கருவியிடம் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் நோக்கம்.

குறுக்கு வழி ஒன்று உண்டு. ஏஜெண்டிடம் டெர்மினலைக் கொடுத்து, அஷூரின் கட்டளைக் கருவியை ஓட்டு என்று விட்டுவிடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த டெர்மினலில் நான் என் பெயரில் உள்நுழைந்திருக்கிறேன். விவரம் பார்க்கிற அதே கையால் சப்நெட்டை அழிக்கவும் முடியும். அதோடு, ஒரு விநெட்டின் விவரத்தைக் கேட்டால் அந்தக் கட்டளை கொட்டுகிற ஜேசன் (பெயரும் மதிப்புமாக எழுதும் தரவு வடிவம்) இருக்கிறதே, அதில் ஒவ்வொரு சப்நெட்டின் கீழும் அதில் இணைந்துள்ள ஒவ்வொரு முகவரி அமைப்பின் முழு அடையாளப் பாதையும் வரும். ஒரு சப்நெட்டில் 200 இணைப்புகள் இருந்தால் 200 நீண்ட பாதைகள். ஏஜெண்டின் நினைவிடத்தை அதுவே நிரப்பிவிடும். கேட்டது ஒரு வரி, வந்தது ஒரு மூட்டை.

ஆகவே எம்சிபி (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்). ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட திறந்த நெறிமுறை இது. ஏஜெண்டுக்கும் வெளிக்கருவிக்கும் இடையே ஜேசன்-ஆர்பிசி 2.0 செய்திகள் போய்வரும். கருவி தன்னிடம் என்னென்ன வசதிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன உள்ளீடு வேண்டும் என்று முதலில் சொல்லும். ஏஜெண்ட் தேவைப்படும்போது அழைக்கும். அவ்வளவுதான். பைதானில் இதற்கான நூலகம் இருக்கிறது. ஒரு சாதாரண ஃபங்ஷனை எழுதி அதன் மேல் ஒரு குறி வைத்தால் அது கருவியாகிவிடும். என் மடிக்கணினியிலேயே ஓடும் கருவி என்பதால், நேரடி உள்ளீடு-வெளியீட்டு வழியையே எடுத்துக்கொண்டேன். தனி சேவையகம் வேண்டாம்.

அந்த வழியில் ஒரு நுணுக்கம். அதில் ஸ்டாண்டர்ட் அவுட்புட் (நிரல் எழுத்தை வெளியிடும் இயல்பான வழி) என்பது நெறிமுறைக்கு மட்டும் சொந்தமான குழாய். சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு பிரிண்ட் வரியைப் போட்டால்கூட அந்த எழுத்து செய்திகளுக்கு நடுவே போய் விழும், மறுமுனை குழம்பிவிடும். பதிவுகள் எல்லாம் பிழைச் செய்திகளுக்கான தனி வழியான ஸ்டாண்டர்ட் எரர் பக்கம்தான் போக வேண்டும். நாம் எழுதுகிற வரிகளை மட்டும் பார்த்தால் போதாது. உள்ளே இழுத்துப் போட்ட வேறு நூலகம் ஒன்று எச்சரிக்கையை அவுட்புட்டில் அச்சடித்தாலும் கதை அதேதான்.

பார்க்க மட்டும் ஒரு அடையாளம்

கருவிக்கென்று தனி அடையாளம் ஒன்றை அஷூரில் உருவாக்கினேன். 'ரீடர்' என்ற ஆயத்த அனுமதித் தொகுப்பை (ரோல்) கொடுத்தால் எல்லாவற்றையும் பார்க்கும். அது தேவையில்லை. விநெட், சப்நெட், பியரிங், என்எஸ்ஜி, ரூட் டேபிள், லோக்கல் நெட்வொர்க் கேட்வே (வெளிக்கிளையின் வலையை அஷூரில் பதியும் இடம்) இவற்றைப் படிக்க மட்டும் அனுமதிக்கும் சொந்த ரோல் ஒன்றை எழுதி ஒட்டினேன்.

இங்கே கவனிக்க வேண்டியது பைதான் பக்கம். அஷூர் நூலகத்தில் 'டிஃபால்ட் கிரெடென்ஷியல்' என்று ஒன்று உண்டு. எல்லா உதாரணங்களிலும் அதைத்தான் போடுகிறார்கள். அது ஒரு வரிசையாகத் தேடும்: முதலில் சூழல் மாறிகள் (நிரலுக்கு வெளியே கணினியில் வைக்கும் அமைப்பு மதிப்புகள்), பிறகு வேறு சில வழிகள், அவை ஒன்றும் கிடைக்காவிட்டால் இந்தக் கணினியில் கட்டளைக் கருவி வழியாக யார் உள்நுழைந்திருக்கிறார்களோ அவருடைய அடையாளம். சூழல் மாறி ஒன்று விடுபட்டால் போதும், கருவி சத்தமில்லாமல் என் முழு உரிமையோடு ஓடத் தொடங்கிவிடும். எல்லாம் வழமைபோல வேலை செய்யும், சொல்லப்போனால் வழமையைவிட நன்றாகவே வேலை செய்யும் என்பதால் கண்டுபிடிக்கவும் முடியாது. அந்த வரிசையே வேண்டாம் என்று, குறிப்பிட்ட அடையாளத்தையும் அதன் சான்றிதழையும் நேரடியாகக் கொடுக்கும்படி எழுதினேன். அது இல்லாவிட்டால் கருவி தொடங்காது.

எம்சிபியில் ஒரு கருவியை 'படிக்க மட்டும்' என்று குறித்து வைக்கலாம். குறித்தேன். ஆனால் அது வெறும் குறிப்புத்தான், பூட்டு இல்லை. பூட்டு அஷூரின் ரோலில் இருக்க வேண்டும்.

கணக்கு கருவியின் வேலை

முதலில் எழுதியது, விநெட் விவரத்தைச் சுருக்கித் தரும் ஃபங்ஷன். பெயர், பகுதி, முகவரித் தொடர்கள், சப்நெட்கள், அவற்றோடு ஒட்டிய என்எஸ்ஜி, ரூட் டேபிள் பெயர்கள். இதை வைத்துக்கொண்டு ஏஜெண்டே காலியிடத்தைக் கணக்கிடட்டும் என்று விட்டுப் பார்த்தேன்.

விநெட் 10.40.0.0/16. அதில் 10.40.0.0/24, 10.40.1.0/26, 10.40.1.128/25 என்று மூன்று சப்நெட்கள். 100 கணினிகளுக்கு இடம் வேண்டும் என்று கேட்டதற்கு ஏஜெண்ட் 10.40.1.64/25 என்றது. பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் /25 என்றால் 128 முகவரிகள். அந்தத் தொடர் 0 இல் அல்லது 128 இல்தான் தொடங்க முடியும், 64 இல் தொடங்கவே முடியாது. உண்மையில் அந்த இடைவெளியில் இருப்பது 10.40.1.64/26, அதாவது 64 முகவரிகள்தான். பைதானின் ஐபிஅட்ரஸ் நூலகத்திடம் 10.40.1.64/25 ஐக் கொடுத்தால் அந்த இடத்திலேயே பிழை என்று எறிந்துவிடும். ஏஜெண்டுக்குள் இருக்கும் மொழி மாதிரி எறியாது, விளக்கமும் சேர்த்துக் கொடுக்கும்.

ஆகவே கணக்கைக் கருவிக்குள் இழுத்துக்கொண்டேன். செய்முறை எளிது. விநெட்டின் முகவரித் தொடர்களைக் காலிப் பட்டியலாக வைத்துத் தொடங்கு. ஒவ்வொரு சப்நெட்டையும் எடுத்து, அது விழுகிற தொடரிலிருந்து வெட்டி எறி. அந்த நூலகத்திலேயே வெட்டுவதற்கு ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. மிஞ்சுகிற துண்டுகளைத் தானே ஒழுங்காகப் பிரித்துத் தரும். அப்புறம் கேட்ட எண்ணிக்கைக்குப் போதுமான மிகச் சிறிய துண்டைத் தேர்ந்தெடு.

போதுமான என்று சொல்லும்போது, அஷூர் ஒவ்வொரு சப்நெட்டிலும் 5 முகவரிகளைத் தானே எடுத்துக்கொள்கிறது என்பதைச் சேர்க்க வேண்டும். முதலாவது வலையமைப்பு முகவரி, இரண்டாவது கேட்வே, அடுத்த இரண்டும் டிஎன்எஸ்ஸுக்கு, கடைசி பிராட்காஸ்ட். ஆக /26 இல் 64 அல்ல 59, /27 இல் 27, /28 இல் 11. அனுமதிக்கப்படும் மிகச் சிறிய அளவான /29 இல் வெறும் 3. இந்த எண்கள் கிளவுட்டுக்குக் கிளவுட் மாறும். அமேசானிலும் 5 தான், ஆரக்கிளில் 3. ஏஜெண்டுக்கு இவை எல்லாம் தெரியும்தான், ஆனால் எந்த இடத்தில் எதைக் கழிக்க வேண்டும் என்பதில் ஒரு நாள் போல மறுநாள் இருக்காது. கருவி இப்போது பயன்படுத்தக்கூடிய எண்ணிக்கையையே சொல்கிறது, கழித்த பிறகு என்ற சொல்லோடு.

இன்னொரு சில்லறைப் பிரச்சினை. சப்நெட்டின் முகவரி அஷூர் தரும் ஜேசனில் ஒருமையில் ஒரு புலமாகவும், பன்மையில் பட்டியலாகவும் வரக்கூடும். பழைய சப்நெட்களில் ஒருமை நிரம்பியிருக்கும். சிலவற்றில் பன்மை மட்டும் நிரம்பி ஒருமை வெறுமையாக இருக்கும். ஒருமையை மட்டும் படிக்கும் நிரல், இருக்கிற ஒரு சப்நெட்டை இல்லாதது போலத் தாண்டிப் போய், அதன் இடத்தைக் காலி என்று சொல்லிவிடும். இரண்டையும் படித்து ஒன்றாக்க வேண்டும். அடையாளப் பாதைகளிலும் இதே தொல்லை: ஒரே பாதை ஓரிடத்தில் பெரிய எழுத்தோடும் இன்னோரிடத்தில் சின்ன எழுத்தோடும் வரும். அஷூருக்கு இரண்டும் ஒன்று, பைதானுக்கு வேறு வேறு. ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கிவிடுகிறேன்.

காலிப் பட்டியல் என்ன சொல்கிறது

இந்த வேலையில் அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

ஏஜெண்ட் ஒரு பெயரைத் தேடுகிறது. கருவி வெறும் பட்டியலைத் திருப்பித் தருகிறது. உடனே ஏஜெண்ட், "அப்படி ஒரு விநெட் இல்லை, புதிதாக உருவாக்கட்டுமா?" என்கிறது. அந்த விநெட் இருக்கிறது. இரண்டாவது சப்ஸ்கிரிப்ஷனில், கருவியின் அடையாளத்துக்கு அனுமதி தராத ஒரு ரிசோர்ஸ் குரூப்பில் (வளங்களைச் சேர்த்து வைக்கும் தொகுதி) இருக்கிறது. அஷூரிடம் பட்டியல் கேட்டால், நமக்குப் பார்க்க உரிமை உள்ளவற்றை மட்டும் வடிகட்டித் தரும். வடிகட்டினேன் என்று சொல்லாது. பிழையும் வராது. போர்ட்டலில் மனிதன் பார்க்கும்போது, "அட, அந்த சப்ஸ்கிரிப்ஷனே தெரியவில்லையே" என்று ஒரு சந்தேகம் வரும். ஏஜெண்டுக்கு அந்தச் சந்தேகம் வராது. கருவி சொன்னதைத்தான் அது உலகம் என்று எடுத்துக்கொள்ளும்.

ஒரு பெயரைக் குறிப்பாகக் கேட்டால் 404 வரும் அல்லது 403 வரும். 404 என்றால் இல்லை. 403 என்றால் உனக்கு அனுமதி இல்லை. அப்படி ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதை அது சொல்வதில்லை, ஏனென்றால் அனுமதிச் சோதனை முதலில் நடந்துவிடுகிறது. இவற்றோடு எங்களுக்கு மூன்றாவது ஒன்றும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவ மழை இறங்கினால் இணைப்பு விட்டுவிட்டு வரும். கேட்ட கேள்விக்குப் பதிலே வராமல் நேரம் கடந்துபோகும். இந்த மூன்றையும் "கிடைக்கவில்லை" என்ற ஒரே சொல்லில் அடக்கினால் மூன்றுக்கும் ஒரே முடிவைத்தான் ஏஜெண்ட் எடுக்கும்.

எனவே கருவி தரும் ஒவ்வொரு பதிலிலும் மூன்று விஷயங்களைக் கட்டாயமாக்கினேன். எந்தெந்த சப்ஸ்கிரிப்ஷன்களில், எந்த எல்லைக்குள் தேடினேன் என்பது. முடிவு எந்த வகை என்பது: இருக்கிறது, பார்த்த எல்லைக்குள் இல்லை, பார்க்க அனுமதி இல்லை, கேட்க முடியவில்லை. விவரம் எடுத்த நேரம். கடைசியது ஏனென்றால், ஒரே கேள்வியை ஏஜெண்ட் அடிக்கடி கேட்பதால் பதிலை 10 நிமிடம் சேமித்து வைக்கிறேன். இணைப்பு போன நேரத்தில் பழைய பதிலைக் கொடுத்தாலும், அது பழையது என்ற குறிப்போடுதான் போகும்.

பெயரைச் சொன்னால் ஒன்றைத் தேர்ந்து கொடுத்துவிடுவதும் ஆபத்து. விநெட்டின் பெயர் ஒரு ரிசோர்ஸ் குரூப்புக்குள் மட்டும்தான் தனித்திருக்க வேண்டும். சோதனைக்கும் பாவனைக்கும் இருவேறு குரூப்களில் ஒரே பெயர் வைத்திருப்பார்கள். அப்படி இரண்டு கிடைத்தால் கருவி ஒன்றையும் தேர்வதில்லை. இரண்டின் முழு அடையாளத்தையும் கொடுத்து, எது என்று பயனரிடம் கேள் என்கிறது. எம்சிபியில் இத்தகைய பதிலை, நெறிமுறைப் பிழையாக அல்லாமல், பிழைக்குறியோடு கூடிய கருவிப் பதிலாக அனுப்பினால் மொழி மாதிரி அதை வாசிக்கும். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தப் பிழைச் செய்தியிலேயே எழுதி வைப்பதுதான் நல்லது. மனிதர்களுக்கு எழுதும் "ஏதோ தவறு நடந்துவிட்டது" பாணிச் செய்தி இங்கே ஒரு பயனும் தராது. மனிதர்களுக்கும் பெரிதாகப் பயன் தந்ததில்லை, அது வேறு.

மறைந்திருக்கும் மூன்று விதிகள்

என்எஸ்ஜி விதிகளைத் தரும் ஃபங்ஷன் தனிக் கதை. ஜேசனில் நாம் எழுதிய விதிகள் ஒரு புலத்திலும், அஷூர் தானே வைத்திருக்கும் இயல்பு விதிகள் வேறொரு புலத்திலும் வரும். சுருக்கமாகத் தருவோம் என்று நாம் எழுதியவற்றை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? தம்பி கேட்டது: "செயலி சப்நெட்டிலிருந்து தரவுத்தளத்தின் 5432 போர்ட்டுக்குப் போகலாமா?" விதிகளில் 5432 பற்றி ஒன்றும் இல்லை. ஏஜெண்ட், "அனுமதிக்கும் விதி இல்லை, ஆகவே தடை" என்று உறுதியாகச் சொன்னது. அது பிழை. போகலாம்.

நாம் எழுதும் விதிகளுக்கு முன்னுரிமை எண் 100 முதல் 4096 வரை. சிறிய எண் முதலில் பார்க்கப்படும். அவற்றுக்குப் பிறகு உள்வரும் பக்கத்தில் மூன்று இயல்பு விதிகள் உண்டு: 65000 இல் விர்ச்சுவல் நெட்வொர்க்கிலிருந்து வரும் எல்லாவற்றையும் அனுமதி, 65001 இல் லோட் பேலன்சரை (சுமையைப் பகிர்ந்து கொடுக்கும் சேவை) அனுமதி, 65500 இல் மற்ற எல்லாவற்றையும் தடு. அழிக்க முடியாதவை, மேலே சிறிய எண்ணில் வேறு விதி எழுதி மறைக்கத்தான் முடியும். ஒரு விநெட்டுக்குள் சப்நெட்டுக்குச் சப்நெட் போக்குவரத்து தாராளமாக நடப்பது அந்த 65000 இனால்தான்.

அந்த விதியில் வரும் 'விர்ச்சுவல் நெட்வொர்க்' என்ற குறிச்சொல்லும் அந்த ஒரு விநெட்டை மட்டும் குறிப்பதில்லை. பியரிங் செய்த விநெட்கள், விபிஎன் (இணையத்தின் ஊடாகப் போகும் மறைகுறியாக்கிய இணைப்பு) வழியாக இணைந்த அலுவலக வலைகள், ரூட் டேபிளில் நாம் எழுதிய முகவரித் தொடர்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். விநெட் என்றால் தன் வீட்டு மதிலுக்குள் என்று நினைத்திருந்தால், ஒழுங்கை முழுக்க உள்ளே வந்துபோகிறது. இதை அறியாத மனிதர்களும் நிறையப் பேர், ஏஜெண்டை மட்டும் குறை சொல்ல முடியாது. கருவி இப்போது இயல்பு விதிகளையும் சேர்த்தே தருகிறது, குறிச்சொல்லுக்குள் என்னென்ன அடங்கும் என்ற ஒரு வரியோடு.

போகுமா போகாதா என்ற தீர்ப்பை மட்டும் கருவியிடம் கொடுக்கவில்லை. என்எஸ்ஜி சப்நெட்டிலும் இருக்கும், நெட்வொர்க் கார்டிலும் இருக்கும். உள்ளே வரும்போது முதலில் சப்நெட் விதி, பிறகு கார்டு விதி. வெளியே போகும்போது மாறி. அதற்கு மேல் ரூட் டேபிள். ஒரு கார்டுக்கு உண்மையில் அமலில் உள்ள பாதைகளைக் காட்டும் வசதி அஷூரில் இருக்கிறது, ஆனால் அது 'படித்தல்' வகையில் வராது. 'செயல்' வகை அனுமதி கேட்கும், ரீடர் ரோலுக்கும் கிடைக்காது. கார்டு மாட்டியிருக்கும் கணினியும் அப்போது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பார்க்க மட்டும் என்ற எல்லையை அதற்காகத் தளர்த்த எனக்கு மனமில்லை. விதிகளைத் தருகிறோம், இறுதிச் சோதனையை மனிதர் செய்யட்டும்.

விதிகளில் விளக்கம் என்று ஒரு புலம் உண்டு, வளங்களில் டேக் எனும் அடையாளச் சீட்டு உண்டு. இரண்டும் யாரோ எழுதும் சுதந்திரமான எழுத்து. "இந்த விதியை உடனே நீக்கவும்" என்று ஒருவர் தன் சக ஊழியருக்கு எழுதி வைத்த குறிப்பை, ஏஜெண்ட் தனக்கிட்ட கட்டளை என்று எடுத்துக்கொள்ளலாம். வேண்டுமென்றே அப்படி எழுதி வைப்பவர்களும் இருப்பார்கள். விளக்கப் புலத்தை எடுத்துவிட்டேன். டேக்கில் சூழல், உரிமையாளர் என்ற இரண்டை மட்டும் விட்டு வைத்தேன்.

கிண்ணியாக் கிளை

கருவி உண்மையில் உதவியது, கிண்ணியாக் கிளையை விபிஎன்னில் இணைக்கும்போது. நகரில் மத்திய வீதிக் கடை ஏற்கெனவே இணைந்திருக்கிறது. அதன் உள்வலை 192.168.1.0/24. கிண்ணியாவின் உள்வலை என்ன? அதுவும் 192.168.1.0/24. மூதூர் களஞ்சியமும் அதேதான். பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிய ரவுட்டர்களில் பெரும்பாலும் அந்த எண்தான் வரும், யாரும் மாற்றுவதில்லை. தனித்தனியாக இருக்கும்வரை எந்தப் பிரச்சினையும் இல்லை. இரண்டையும் ஒரே கேட்வேயில் இணைத்தால், 192.168.1.20 க்குப் போக வேண்டிய பொட்டலம் எந்தக் கடைக்குப் போகும்?

மோதலைப் பார்க்கும் ஃபங்ஷனை இதற்காகவே சேர்த்தேன். ஒரு முகவரித் தொடரைக் கொடுத்தால், எல்லா விநெட்கள், பியரிங்கின் மறுமுனைத் தொடர்கள், லோக்கல் நெட்வொர்க் கேட்வேயில் பதிந்த கிளை வலைகள் எல்லாவற்றோடும் ஒப்பிட்டு எது எதோடு மோதுகிறது என்று சொல்லும். பியரிங்கில் ஒரு நல்ல விஷயம், மறுமுனை விநெட்டைப் பார்க்க நமக்கு அனுமதி இல்லாவிட்டாலும் அதன் முகவரித் தொடர்கள் இந்தப் பக்கத்துப் பதிவிலேயே கிடைக்கும். ஆனால் அந்தப் பதிவு சில நேரம் பழையதாக இருக்கலாம். மறுமுனையில் தொடரைக் கூட்டிவிட்டுப் பியரிங்கை ஒத்திசைக்காமல் விட்டிருந்தால் அப்படி ஆகும். அதற்கென்றே ஒரு நிலைக்குறி இருப்பதால் அதையும் பதிலில் சேர்த்தேன்.

கிளவுட்டுக்கு வெளியே உள்ள தொடர்கள் சிலவற்றையும் கைப்படப் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறேன். நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கர் தன் இயல்பு வலைக்கு எடுத்துக்கொள்ளும் 172.17.0.0/16 அதில் முக்கியமானது. விநெட்டுக்கு அந்தத் தொடரை வைப்பதை அஷூர் தடுக்காது. ஆனால் அங்கே இருக்கும் தரவுத்தளத்தை, டாக்கர் ஓடும் கணினியிலிருந்து அழைத்தால் பொட்டலம் அந்தக் கணினியை விட்டே வெளியேறாது. பியரிங், என்எஸ்ஜி எல்லாம் சரியாக இருக்கும், பிங் மட்டும் போகாது. அரை நாளைத் தின்னும் வகைப் பிழை இது.

ஏஜெண்டிடம் கிண்ணியாவின் தொடரைக் கொடுத்து இணைக்கலாமா என்று தம்பி கேட்டார். மத்திய வீதிக் கடையோடு மோதுகிறது, 192.168.41.0/24 காலியாக இருக்கிறது, நான் பார்த்தது இந்த இரண்டு சப்ஸ்கிரிப்ஷன்களில் மட்டும், மூதூர் இன்னும் பதிவில் இல்லை என்று பதில் வந்தது. கடைசி வாக்கியம்தான் எனக்குப் பிடித்தது. கேட்வேயிலேயே முகவரியை மாற்றிக் கொடுக்கும் வசதியும் அஷூரில் உண்டு, ஆனால் அதற்கு மேல்நிலை கேட்வே வேண்டும், மாதாமாதம் காசு. ஒரு ரவுட்டரில் எண்ணை மாற்றுவது மலிவு.

மலிவு என்றாலும் வேலை இருக்கிறது. ரவுட்டரில் மாற்றினால் கணினிகளும் கைப்பேசிகளும் தாமாகப் புது முகவரியை எடுத்துக்கொள்ளும். பில் அடிக்கும் பிரிண்டருக்கும் சிசிடிவிப் பெட்டிக்கும் கையால் முகவரி பதிந்திருக்கும், அவை காணாமல் போகும். கடைக்காரர் முதலில் கேட்டது அதைத்தான்: "தம்பி, கமரா வேலை செய்யுமா?" கடை பூட்டிய பிறகு போய், பிரிண்டர், கமரா இரண்டையும் முதலில் புதுத் தொடருக்கு மாற்றிவிட்டு, கடைசியில் ரவுட்டரை மாற்றினோம். பிறகு லோக்கல் நெட்வொர்க் கேட்வேயில் புதுத் தொடரைப் பதிந்து இணைப்பைக் கொடுத்தோம். மூதூருக்கு 192.168.42.0/24 என்று இப்போதே ஒதுக்கி, அந்தக் கைப்பட்டியலில் எழுதி வைத்தாயிற்று.

இன்னும் செய்யாதவை இரண்டு. நீண்ட புதுவகை முகவரிகளான ஐபிவி6 தொடர்களைக் கருவி இப்போதைக்குத் தாண்டிப் போகிறது, தாண்டினேன் என்று பதிலில் சொல்கிறது. மற்றது, பியரிங் சங்கிலி. ஒரு விநெட் இரண்டாவதோடும், இரண்டாவது மூன்றாவதோடும் பியரிங் செய்திருந்தால் முதலாவதும் மூன்றாவதும் தாமாகப் பேசிக்கொள்ளாது. ஏஜெண்டுகள் இதை அவ்வப்போது மறந்துவிடுகின்றன. நேரடிப் பியரிங் இல்லாத இரண்டு விநெட்களைப் பற்றி ஒரே உரையாடலில் கேட்டால் அதை எடுத்துச் சொல்லும் ஒரு வரியை அடுத்துச் சேர்க்கப் போகிறேன். கருவிகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டுவதாக இல்லை. தேடல், விவரம், காலியிடம், விதிகள், மோதல், ஐந்தோடு நிறுத்தியிருக்கிறேன். அதற்கு மேல் போனால் எதை அழைப்பது என்று ஏஜெண்ட் தடுமாறுகிறது.